பனிமூட்டத்தைக் கையால் செய்தவர்கள்

வசீலி பலேனவ் 1878-இல் வரைந்த ‘மாஸ்கோ முற்றம்’ ஓவியத்தை, சோவியத் பத்திரிகைகள் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் வழவழத் தாளில் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். புல் மண்டிய முற்றம், பூட்டி நிற்கும் குதிரைவண்டி, வாளியோடு நடக்கும் பெண், பின்னால் ஒரு வெள்ளைத் தேவாலயம். அந்தத் தேவாலயம் இன்றும் அர்பாத் தெருவுக்குப் பின்புறச் சந்தில் நிற்கிறது. பக்கத்துச் சதுக்கத்தில் அமெரிக்கத் தூதரின் மாளிகை. சோவியத் ஆட்சியில் தேவாலயத்தில் வழிபாடு நின்றுபோனது. பிறகு 1950-களிலிருந்து அதற்குள் பொம்மைகளை வைத்துப் படம் எடுத்தார்கள். பெரிய காதுகளோடு, என்ன இனம் என்று யாருக்குமே தெரியாத செபுராஷ்கா என்ற குட்டிப் பிராணி 1969-இல் அங்கேதான் கண் திறந்தது.

அந்தப் பொம்மைப் பிரிவு சோயுஸ்முல்ட்ஃபிலிம் என்ற அனிமேஷன் ஸ்டுடியோவின் ஒரு கிளை. 1936-இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோ இதுவரை 1,500-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருக்கிறது. அதன் உச்சத்தின் கடைசி வெளிச்சத்தில் மாணவனாக மாஸ்கோ போய்ச் சேர்ந்தவன் நான். அது சரிந்ததையும் அங்கேயே இருந்து பார்த்தேன். அது எழுந்ததைப் பின்னாளில் போய்ப் பார்த்தேன்.

கோவில்பட்டிக்கு நியூ செஞ்சுரி புத்தக வேன் வரும். கெட்டி அட்டை போட்ட ரஷ்யக் குழந்தைக் கதைகளை அப்பா அதில்தான் வாங்கித் தருவார். அந்தப் புத்தகங்களே என்னை 1980-களின் தொடக்கத்தில் மாஸ்கோவின் லுமும்பா பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய் விட்டன என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதல் வருஷம் முழுக்க மொழிப் படிப்பு. பாடப்புத்தகத்தில் இருந்த ரஷ்யன் ஒன்று, கடைக்காரம்மா பேசிய ரஷ்யன் வேறொன்று. எங்கள் ஆசிரியைக்கு இது தெரியும். ‘சாயங்காலம் விடுதி டிவியில், ஒன்பது மணிச் செய்திக்கு முன்னால் குழந்தைகள் நிகழ்ச்சி வரும். தவறாமல் பாருங்கள். அதில் வரும் முயல் பேசுவது புரிந்துவிட்டால் உங்களுக்கு மாஸ்கோ புரிந்துவிடும்’ என்றார். அங்கோலாக்காரன், ஏமன்காரன், வியட்நாம்காரன், நான் எல்லோரும் வளர்ந்த ஆண்பிள்ளைகள். தினமும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ‘நூ, பகதீ!’யில் ஓநாய் முயலைத் துரத்துவதைப் பார்த்தோம்.

ஞாயிறுகளில் அந்த ஆசிரியை எங்களை மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் இருந்த ‘பாரிகாடி’ தியேட்டருக்கு அழைத்துப் போவார். கார்ட்டூன்களுக்கென்றே இருந்த தியேட்டர் அது. குழந்தைகள் காட்சிக்கு 10 கோபெக் டிக்கெட். அங்கேதான் ‘தங்க மான்’ பார்த்தேன். லெவ் அதமானவ் 1954-இல் எடுத்த படம், அடுத்த ஆண்டு கான் விழாவில் பரிசு வாங்கியது. கதை நடப்பது இந்தியாவில். பேராசைக்கார ராஜா, அநாதைச் சிறுவன், குளம்பு பட்ட இடமெல்லாம் தங்கக் காசு தெறிக்கும் மான். ‘போதும்’ என்று ராஜா சொல்லிவிட்டால் அவ்வளவு தங்கமும் ஓட்டாஞ்சில்லாகிவிடும். பனி பெய்யும் ஊரில் இருந்தவர்கள் யானையின் நடையை, காட்டுக் கொடியின் தொங்கலை, தலைப்பாகையின் மடிப்பை எவ்வளவு அக்கறையோடு வரைந்திருந்தார்கள்! ‘உன் நாடு இப்படித்தான் இருக்குமா?’ என்று ஏமன்காரன் கேட்டான். ‘ஆமாம்’ என்றேன். கண் நிறைந்திருந்தது. அதே ஸ்டுடியோ எடுத்த ‘மௌக்ளி’யில் கருஞ்சிறுத்தை பகீரா பெண். ரஷ்யக் குழந்தைகளுக்கு அவள் எப்போதுமே பெண்தான். கண்டிப்பும் பாசமுமாக நம் வீட்டு மூத்த அக்காவின் குரலில் பேசுவாள்.

படிப்பு முடிந்ததும் மருந்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது. நவஸ்லபோத்ஸ்கயா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தேன். சோயுஸ்முல்ட்ஃபிலிமின் தலைமைக் கட்டடம் அங்கிருந்து நடக்கிற தூரம். வீட்டுக்கார அம்மா அந்த ஸ்டுடியோவின் வண்ணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது குடிபோன பிறகுதான் தெரிந்தது. ரஷ்ய முறைப்படி அவர் பெயரோடு தகப்பனார் பெயரையும் சேர்த்தே கூப்பிடுவேன். அவர் என்னை ‘மகனே’ என்பார்.

படம் எப்படி உருவாகிறது என்று சமையலறை மேஜையில் வைத்து அவர்தான் சொல்லிக்கொடுத்தார். திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் பத்து நிமிடப் படத்துக்கு 7,200 ஓவியங்கள், அதுவும் ஒரே ஒரு பாத்திரம் அசைந்தால். முதன்மைக் கலைஞர் முக்கியமான நிலைகளை வரைவார். இடைப்பட்ட அசைவுகளை வேறு சிலர் நிரப்புவார்கள். அதைப் பேனாவால் செல்லுலாய்டு தாளில் பிரதி எடுப்பது ஒரு பிரிவு. தாளைத் திருப்பிப் போட்டு, கோட்டைத் தாண்டாமல் பின்பக்கம் வண்ணம் நிரப்புவது இவர் பிரிவு. விரல் ரேகை படக் கூடாது என்று பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார்கள். செல்லுலாய்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், படம் பிடித்து முடிந்ததும் பல தாள்களைக் கழுவி அடுத்த படத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். ‘நான் வண்ணம் தீட்டிய ஓநாயை நானே கழுவியிருக்கிறேன், மகனே’ என்றார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஓநாய் திரையில் ஓடிக்கொண்டிருந்தது, அது போதும் அவருக்கு.

யூரி நோர்ஷ்டெய்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறும். ‘மூடுபனியில் முள்ளெலி’ 1975-இல் வந்தது. நண்பன் கரடிக்குட்டியோடு சேர்ந்து நட்சத்திரம் எண்ணுவதற்காக, ராஸ்ப்பெரி ஜாமை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிளம்பும் முள்ளெலி, வழியில் பனிமூட்டத்துக்குள் இறங்கிவிடும். பத்து நிமிடம்தான். அந்தப் பனியை எந்த இயந்திரமும் செய்யவில்லை. ஒன்றன் கீழ் ஒன்றாகக் கண்ணாடித் தட்டுகள், அவற்றில் நோர்ஷ்டெய்னின் மனைவி ஃபிரான்செஸ்கா யர்பூசவா வரைந்து வெட்டிய உருவத் துண்டுகள், மேலே கேமரா. உருவத்தின் மீது மெல்லிய ஒளி ஊடுருவும் தாளைப் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நோக்கி உயர்த்தினார்கள். உருவம் மங்கியது, கரைந்தது. பனி பிறந்தது. அடுத்து நோர்ஷ்டெய்ன் எடுத்த ‘கதைகளின் கதை’யை 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் கூடிய சர்வதேச நடுவர்கள் உலகின் மிகச் சிறந்த அனிமேஷன் படமாகத் தேர்ந்தெடுத்தார்கள். பனிப்போரின் உச்சத்தில், சோவியத் யூனியன் அந்த நகரத்து ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்த அதே ஆண்டில்!

ஸ்டுடியோவின் சரிவை எல்லோரும் 1991-இல் தொடங்குவார்கள். அதற்கு முன்பே விரிசல் விட்டுவிட்டது என்பது என் எண்ணம். கோகலின் ‘மேல்கோட்டு’ கதையை 1981-இல் படமாக்கத் தொடங்கிய நோர்ஷ்டெய்ன் மெதுவாக வேலை செய்கிறார் என்று 1980-களின் நடுவில் ஸ்டுடியோவை விட்டு அனுப்பப்பட்டார். உலகமே தலைவணங்கிய கலைஞனுக்கு அவன் வளர்ந்த வீட்டில் இடமில்லை என்றால், அந்த வீடு அன்றைக்கே உள்ளுக்குள் சரியத் தொடங்கிவிட்டது. 1988-இல் அலெக்சாந்தர் தத்தார்ஸ்கி ‘பைலட்’ என்ற தனியார் ஸ்டுடியோவைத் தொடங்க, இளைஞர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

பிறகு சோவியத் யூனியன் போனது. 1992 ஜனவரி 2-ஆம் தேதி விலைக் கட்டுப்பாடு நீங்கியதும், வீட்டுக்கார அம்மாவின் ஓய்வூதியம் ரொட்டிக்கும் பாலுக்கும்கூடப் போதவில்லை. ஸ்டுடியோவின் கதியும் ஏறக்குறைய அதுவே. அதுவரை அரசு பணம் தரும், படத்தை வாங்கிக்கொள்ளும். கலைஞர்கள் விற்பனையைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்பு ஒரே வீச்சில் அறுந்தது. பழைய படங்களின் வெளிநாட்டு உரிமை அமெரிக்காவிலிருந்த ‘ஃபிலிம்ஸ் பை ஜோவ்’ நிறுவனத்துக்குப் போனது. அதையொட்டி வருஷக்கணக்கில் வழக்குகள். அர்பாத் தேவாலயம் திருச்சபைக்குத் திரும்பியது. வழிபாட்டுத் தலம் பக்தர்களிடம் சேர்ந்தது நியாயம்தான். ஆனால் பொம்மைப் பிரிவுக்கு மாற்று இடம் சரியாகத் தராமல் வெளியேற்றியதில், தலைமுறையாகச் சேர்த்துவைத்த பொம்மைகளும் செட்டுகளும் நிறையத் தொலைந்தன. இஸ்மாயிலவா சந்தையில் சமவார்களுக்கும் ராணுவப் பதக்கங்களுக்கும் நடுவே செல்லுலாய்டு தாள்களை விரித்து வைத்து விற்பதை நானே பார்த்தேன். ஜெர்மன் சுற்றுலாப் பயணி ஒருவர் ஓநாயின் தாளை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவாமல் தப்பிய தாள்! அன்று அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரஷ்யக் குழந்தைகள் ‘டக் டேல்ஸ்’ பார்க்க வீட்டுக்கு ஓடினார்கள். அதே சமயத்தில் கோவில்பட்டியில் என் அக்கா பிள்ளைகளும் தூர்தர்ஷனில் அதையே பார்த்தார்கள். நல்ல தொடர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு போட்டி போட ரஷ்யாவில் எதுவும் தயாராகவில்லை என்பதுதான் துயரம். ஓநாய்க்குக் குரல் கொடுத்த அனத்தோலி பப்பானவ் 1987-இல் இறந்துவிட்டார். 1990-களில் வந்த ‘நூ, பகதீ!’ படங்களில் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத்தான் எடுத்து ஒட்டினார்கள். டிவியில் அதைப் பார்த்த அந்த அம்மா பாதியிலேயே எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

இந்த இருண்ட பத்தாண்டில் நடந்த ஒரு காரியத்தை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. வேல்ஸ் நாட்டின் எஸ்4சி தொலைக்காட்சி, ஷேக்ஸ்பியர் நாடகங்களை அரை மணி நேர அனிமேஷன் படங்களாக்கும் வேலையை மாஸ்கோ கலைஞர்களிடம் கொடுத்தது. 1992-இலும் 1994-இலும் அவை ஒளிபரப்பாயின. நத்தாலியா ஓர்லவா ‘ஹாம்லெட்’டைக் கண்ணாடி மீது எண்ணெய் வண்ணத்தால் தீட்டி எடுத்தார். அழித்து, தீட்டி, அழித்து, தீட்டி நகர்த்தும் முறை அது. முந்தைய ஃபிரேமுக்குத் திரும்பவே முடியாது. ஸ்தனிஸ்லாவ் சக்கலோவ் ‘தி டெம்பஸ்ட்’டைப் பொம்மைகளால் எடுத்தார். பிறகு அதே சக்கலோவும் மாஸ்கோ பொம்மைக் கலைஞர்களும் வேல்ஸ்காரர்களோடு சேர்ந்து இயேசுவின் வாழ்க்கையை ‘தி மிராக்கிள் மேக்கர்’ என்று முழுநீளப் படமாக்கினார்கள். 2000-இல் வெளிவந்தது. மூட்டு வைத்து, துணி தைத்து, விரல் நுனி அளவு அசைத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் படம் பிடிக்கும் கை அந்தப் பத்தாண்டு முழுக்க ஓயவே இல்லை.

என் நம்பிக்கை இதில்தான் நிற்கிறது. கட்டடம் போனால் வேறு கட்டடம் கிடைக்கும். உரிமை போனாலும் ஒருநாள் திரும்ப வாங்கலாம். 2007-இல் தொழிலதிபர் அலிஷேர் உஸ்மானவ் 500-க்கும் மேற்பட்ட படங்களின் தொகுப்பை வாங்கி ரஷ்ய அரசின் குழந்தைகள் சேனலுக்குக் கொடுத்தபோது அதுவும் நடந்தது. கைத்திறன் ஒரு தலைமுறை அறுந்தால் அதைக் காசு கொடுத்து மீட்க முடியாது. பொம்மையின் கழுத்து மூட்டை எவ்வளவு இறுக்கினால் தலை தொங்காமலும் விறைக்காமலும் இருக்கும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது. சக்கலோவ் போன்றவர்கள் யாருக்காக வேலை செய்தாலும் அந்த வித்தையைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

2001-இல் சக்கலோவ் சோயுஸ்முல்ட்ஃபிலிமில் ‘ஹோஃப்மானியாதா’வைத் தொடங்கினார். ஜெர்மன் எழுத்தாளர் ஹோஃப்மானின் கதைகளைக் கோத்த முழுநீளப் பொம்மைப் படம், உருவங்களை வடிவமைத்தவர் ஓவியர் மிஹயில் ஷெம்யாக்கின். பணம் வரும், படம் நகரும். பணம் நிற்கும், படம் நிற்கும். நான் அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டேன். மாஸ்கோ நண்பர்களுக்கு ஃபோன் பேசும்போதெல்லாம் ‘அந்தப் படம் முடிந்ததா?’ என்று கேட்பேன். ‘இன்னும் எடுக்கிறார்கள்’ என்பார்கள். 15 ஆண்டுகளுக்கும் மேல் அதே பதில்.

ஸ்டுடியோவின் நிலைமை மாற உண்மையில் காரணமாக இருந்தவர்கள் கிழவர்கள். 2011-இல் நோர்ஷ்டெய்ன், எட்வார்த் நசாரவ், செபுராஷ்காவுக்கு உருவம் கொடுத்த லியனீத் ஷ்வார்ட்ஸ்மன், ‘வின்னி த பூ’வை ரஷ்யக் குழந்தைகளுக்குச் சொந்தமாக்கிய ஃபியோதர் ஹித்ருக் ஆகியோர் அரசுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். ஹித்ருக்குக்கும் ஷ்வார்ட்ஸ்மனுக்கும் அப்போது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. தங்களை அனுப்பிவிட்ட, மறந்துவிட்ட ஸ்டுடியோவுக்காக அவர்கள் வாதாடினார்கள். பிறகுதான் கடன் தீர்ந்தது, நிதி வந்தது, இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். ஹித்ருக் 2012 டிசம்பரில் இறந்தார். ஷ்வார்ட்ஸ்மன் நூறு வயதைத் தாண்டி, மறுமலர்ச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு 2022-இல்தான் போனார்.

2017 வாக்கில் ஸ்டுடியோ ஒஸ்தான்கினா டிவி கோபுரத்துக்குப் பக்கத்தில் அகதேமிக் கரல்யோவ் தெருவிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ‘ஹோஃப்மானியாதா’ தியேட்டருக்கு வந்தபோது நான் மாஸ்கோவில் இருந்தேன். அதைப் பார்ப்பதற்காகவே போயிருந்தேன் என்றும் சொல்லலாம். வீட்டுக்கார அம்மா இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவருடைய பேத்தி, பேத்தியின் மகன், நான் மூவரும் போனோம்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. கதைக்குள் கதை புகுந்து சில இடங்களில் நூல் சிக்குகிறது. ஆனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பொம்மைகளின் முகத் தோல் மினுங்குவதைப் பார்க்க வேண்டும். பச்சைப் பாம்புகளாக வரும் பெண்களும், பயந்து பயந்து கனவு காணும் அந்த இளம் ஹோஃப்மானும் நம் எதிரிலேயே மூச்சுவிடுகிறார்கள். கையால் தொட்டுச் செய்த பொருளுக்கு ஒரு எடை இருக்கிறது. கணினி எவ்வளவோ அற்புதங்களைச் செய்கிறது, அந்த எடையை மட்டும் அதனால் தர முடியவில்லை.

வெளியே வந்ததும் சண்டை தொடங்கியது. அதே ஆண்டு ஸ்டுடியோ புதுப்பித்து வெளியிட்ட ‘புரஸ்தக்வாஷினா’ தொடரைப் பற்றி. பேசும் பூனை மத்ரோஸ்கின் வரும் பழைய படம் 1978-இல் வந்தது, ரஷ்யாவில் அதன் வசனங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ‘இது எங்கள் பூனையே இல்லை. வடிவம் மாறிவிட்டது, நிதானம் போய்விட்டது’ என்றார் பேத்தி. மூலக் கதையை எழுதிய எட்வார்த் உஸ்பென்ஸ்கியே ஸ்டுடியோவோடு மனத்தாங்கல் கொண்டிருந்தார். ‘அடுத்த பகுதி எப்போது வரும்?’ என்று பையன் என்னைக் கேட்டான். பூனைக்குக் குரல் கொடுத்த அலேக் தபக்கோவ் புதிய தொடர் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு இறந்தார். அவருடைய மகன் அன்தோன் இப்போது அந்தப் பூனைக்குப் பேசுகிறார் என்று பேத்தியிடம் சொன்னேன். பழையதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் மறுபடி மறுபடி அதையே பார்க்கலாம், அது எங்கும் போகவில்லை. இந்தப் பையனின் வயதுக்கு ஒரு பூனை வேண்டும். அதே சமயம், பழைய பெயர்களை மட்டும் நம்பி ஸ்டுடியோ காலம் தள்ளினால் அது மறுமலர்ச்சி ஆகாது என்பதில் நான் பேத்தியின் பக்கம்.

எனக்கு நிறைவு தந்தவை குறும்படங்கள். ஸ்வெத்லானா அந்திரியானவா 2016-இல் எடுத்த ‘இரண்டு டிராம்கள்’, கவிஞர் ஒசிப் மந்தெல்ஷ்தாம் குழந்தைகளுக்கு எழுதிய கவிதையிலிருந்து பிறந்தது. ஒன்றையொன்று தேடும் இரண்டு டிராம் வண்டிகள். பழைய எந்தப் பாத்திரமும் அதில் இல்லை. ஆனால் மங்கலான ஊர் வெளிச்சத்தை, ஒரு வண்டியின் தயக்கத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்ட அந்த ஸ்டுடியோவின் மரபில் வந்தவர்களால்தான் முடியும். முள்ளெலி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள் என்று அப்போது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. ‘மேல்கோட்டு’ இன்னும் முடியவில்லை. நோர்ஷ்டெய்ன் தன் சிறிய சொந்த ஸ்டுடியோவில் அதை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது கோவில்பட்டியில், எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியில், சனிக்கிழமைகளில் திரை கட்டிப் படம் போடுகிறேன். ‘நூ, பகதீ!’க்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், ஓநாய் தடுக்கி விழுந்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் சிரிக்கும். ‘தங்க மான்’ போட்டபோது ஒரு சிறுமி, ‘இத வரஞ்சவங்க நம்ம ஊருக்கு வந்திருக்காங்களா சார்?’ என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். ‘இரண்டு டிராம்கள்’ படத்தை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். இவர்களில் யாரும் டிராம் பார்த்ததில்லை, அதனால் முதலில் கரும்பலகையில் ஒரு தண்டவாளம் வரைய வேண்டும்.